மூளைக் காய்ச்சலுக்குப் பின்: வீட்டாரும் ஊராரும் அறிய வேண்டியவை

கொடிய நோயிலிருந்து உயிர் பிழைத்து ஒருவர் ஊர் திரும்பும்பொழுது, அவரைக் காண உற்றாரும் அயலாரும் திரண்டு வருவது நமது கிராமங்களின் நல்வழக்கமாகும். பழமும் பாலும் கொண்டு வந்து, நலம் விசாரித்து, ஆபத்து நீங்கியது என்னும் மனநிறைவுடன் அவர்கள் திரும்பிச் செல்கின்றனர். ஒரு மாதம் கழிகிறது. நோயாளியோ இன்னும் திண்ணையிலேயே சாய்ந்திருக்கிறார். "ஆளைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார், வேலைக்குத்தான் உடம்பு வணங்கவில்லை" என்னும் பேச்சு வீட்டிலும் வீதியிலும் எழத் தொடங்குகிறது. பாக்டீரியாக் கிருமியால் உண்டாகும் மூளைக் காய்ச்சலிலிருந்து மீண்டவர் பலர் இத்தகைய சொற்களைக் கேட்க நேரிடுகிறது. இந்நோயைப் பொறுத்தவரை, மருத்துவமனையை விட்டு வெளிவருவது குணமடைதலின் தொடக்கமேயன்றி முடிவன்று. இவ்வுண்மையை உணராத குடும்பத்தில் நோயாளியின் துன்பம் இரட்டிப்பாகிறது. உணர்ந்த குடும்பத்திலோ அவர் இழந்தவற்றுள் பெரும்பகுதி மீண்டும் கைகூட வழியுண்டு. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நோயின் தன்மை

நமது மூளையையும் தண்டுவடத்தையும் மெல்லிய உறைகள் மூடியுள்ளன. அவ்வுறைகளில் கிருமிகள் புகுந்து அழற்சியை உண்டாக்குவதே இந்நோயாகும். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் எனப்படும் கிருமிகள் இதற்கு முக்கியக் காரணங்கள். இவை நலமாயுள்ள பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றியே தங்கியிருப்பவை. ஏதோ ஒரு சமயத்தில் அவை இரத்தத்தில் கலந்தோ, சீழ் வடியும் காதின் வழியாகவோ மூளை உறையை எட்டிவிட்டால், சில மணி நேரத்திற்குள்ளேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். கொசுவினால் பரவும் மூளை அழற்சி வேறு நோய். அதனையும் மக்கள் மூளைக் காய்ச்சல் என்றே அழைப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடலாகாது.

கிருமிக்கொல்லி மருந்துகள் 1940-ஆம் ஆண்டுகளில் புழக்கத்திற்கு வருமுன், இந்நோய் கண்டவர்களில் பிழைத்தவர் மிகச் சிலரே. இன்று உரிய காலத்தில் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். எனினும், பாக்டீரியா மூளைக் காய்ச்சல் கண்டவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இறப்பதாகவும், ஐந்து பேரில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகள் நிலைத்துவிடுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்து கிருமியைக் கொல்லுகிறது. ஆனால் அழற்சியினாலும் வீக்கத்தினாலும் மூளைக்கும் நரம்புகளுக்கும் உட்காதிற்கும் ஏற்பட்ட சேதத்தை அது உடனே சரி செய்துவிடுவதில்லை. வெள்ளம் வடிந்த மறுநாளே வயல் விளைச்சலுக்குத் தயாராகிவிடுவதில்லை என்பது விவசாயிகளாகிய நமக்குத் தெரிந்ததுதானே?

ஒரு செய்தியை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். உரிய மருந்து தொடங்கி ஒரு நாள் கழிந்தபின் மெனிங்கோகாக்கஸ் போன்ற கிருமிகள் நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவுவதில்லை. சில வகைகளில், நோய் கண்ட உடனேயே வீட்டாருக்கும் தடுப்பு மருந்து கொடுப்பதுண்டு. அதனை மருத்துவர் முடிவு செய்வார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைத் தொடுவதாலோ, அவருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதாலோ இந்நோய் வராது. ஆகவே அவருக்குத் தனித் தட்டும் தனி மூலையும் ஒதுக்குவது தேவையற்றதும் அவர் மனத்தைப் புண்படுத்துவதுமாகும்.

களைப்பு சோம்பலன்று

நிமோகாக்கஸ் வகைக்குச் சாதாரணமாக 10 முதல் 14 நாட்கள் வரை இரத்தக் குழாய் வழியே மருந்து செலுத்தப்படுகிறது. அதன் பின்னர் வீடு திரும்புவோர் பெரும்பாலும் கூறும் முதற்குறை களைப்பேயாகும். குளித்து உடை மாற்றுவதற்குள் உடல் சோர்ந்துவிடும். நான்கு பேர் கூடிப் பேசினால் தலைவலி வரும். வெளிச்சமும் இரைச்சலும் பொறுக்கமாட்டாது போகும். காசநோய்க் கிருமியால் வரும் மூளைக் காய்ச்சலாயின், பல மாதங்கள் மருந்து உண்ணவும் வேண்டியிருக்கும். உடம்பு தேறிவிட்டதென்று அதனை நடுவில் நிறுத்துவது பேராபத்தாகும்.

இக்களைப்பை வெல்லும் வழியைக் கிணற்றுப் பாசனம் செய்வோர் எளிதில் விளங்கிக்கொள்வர். ஊற்று எவ்வளவோ அவ்வளவே இறைக்க முடியும். ஒரே மூச்சில் இறைத்துவிட்டால் கிணறு வற்றி, மறுநாள் பாய்ச்சலுக்கு நீரிராது. நோயாளியின் உடல் வலிமையும் அவ்வாறே. உடல் இலேசாகத் தோன்றும் ஒரு நாளில் அனைத்து வேலைகளையும் செய்துவிட்டால், அடுத்த இரண்டு மூன்று நாட்கள் படுக்கையில் கழியும். எனவே நாளைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, சிறிது வேலை, சிறிது ஓய்வு என்று ஒழுங்கு செய்தல் வேண்டும். முதல் வாரம் வாசல் வரை, அடுத்த வாரம் தெருமுனை வரை என்று நடையைப் படிப்படியாக நீட்டலாம். தேறுவதற்குச் சிலருக்குச் சில வாரங்கள் போதும். பலருக்கு மாதங்கள் பிடிக்கும். ஓராண்டுக்கு மேல் ஆவதும் உண்டு.

காய்ச்சல் கண்டவருக்குப் பத்தியம் என்ற பெயரில் கஞ்சியும் இரசமும் மட்டும் நீண்ட நாள் கொடுத்து வருவது சில இல்லங்களில் வழக்கம். மருத்துவர் தடை ஏதும் சொல்லாதவிடத்து, பருப்பு, முட்டை, கீரை, பால், மீன் ஆகியவற்றை அவர் உண்ணும் அளவறிந்து கொடுப்பதே நலம். நலம் விசாரிக்க வருவோர் ஒரே நாளில் கூட்டமாக வராமல், இருவர் மூவராக வந்து சில நிமிடங்களில் விடைபெறுவது அவருக்குச் செய்யும் பேருதவியாகும்.

செவிச் சோதனை: தாமதம் கூடாது

பின்விளைவுகளுள் காலத்தோடு கவனிக்க வேண்டியது செவித்திறன் இழப்பாகும். கிருமியின் தாக்குதல் உட்காதிலுள்ள நத்தை வடிவான உறுப்பைச் சேதப்படுத்தலாம். சேதமுற்ற அவ்வுறுப்பினுள், சில வாரங்களிலோ மாதங்களிலோ எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அடைத்துவிட்டால், பிற்பாடு செயற்கைச் செவிக் கருவியை உள்ளே பொருத்துவது கடினமாகிவிடும். ஆகவே மருத்துவமனையிலிருந்து வெளியேறுவதற்கு முன்னரோ, அதிகப்பட்சம் நான்கு வாரங்களுக்குள்ளோ செவிச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

பெரியவர்கள் தங்கள் குறையைச் சொல்லிவிடுவர். சிறு குழந்தை எவ்வாறு சொல்லும்? பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து, "திரும்பிப் பார்க்கிறான், காது கேட்கிறது" என்று தாய்மார் ஆறுதல் அடைவதுண்டு. அசைவையும் நிழலையும் கண்டே குழந்தை திரும்பியிருக்கலாம். உறங்கும் குழந்தைக்கும் கருவியின் துணையால் செவித்திறனைத் துல்லியமாக அளக்க முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவ்வசதி உண்டு. கேட்கும் திறனை முற்றிலும் இழந்த சிறு குழந்தைகளுக்குச் செவிக் கருவியை உள்ளே பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் இலவசமாகச் செய்யப்படுகிறது. கருவி பொருத்தியபின் மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி அளித்தால்தான் பயன் முழுமையாகும். குழந்தை ஊமையாகாமல் பேசக் கற்பதற்குரிய காலம் குறுகியது. "ஐந்து வயதுக்கு மேல் தானே பேசுவான்" என்று காத்திருப்பது அக்காலத்தைக் கைவிடுவதாகும்.

காது கேளாமை நிலைத்துவிட்டவரிடம் உரக்கக் கத்துவதால் பயனில்லை. அவர் முகத்துக்கு எதிரில், வெளிச்சம் நம் முகத்தில் படும்படி நின்று, நிதானமாகப் பேச வேண்டும். ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேச வேண்டும். குடும்ப ஆலோசனைகளில் அவரை விட்டுவிடாது, முடிவை எழுதிக் காட்டியேனும் தெரிவித்தல் வேண்டும்.

மனமும் நினைவும்

வீட்டாரை மிகவும் கலங்கச் செய்வது குணமாறுதலாகும். சாந்தமானவர் சிறு காரியத்துக்கும் சீறி விழுகிறார். காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுகிறார். திடீரென அழுகிறார். உறக்கமின்றித் தவிக்கிறார். இதனைச் சிலர் திமிர் என்கின்றனர். சிலர் காத்து கருப்பு என்கின்றனர். மூளை நோயிலிருந்து தேறி வருவதன் அடையாளமே இதுவென்று உணர்ந்துவிட்டால், பாதிச் சச்சரவு வீட்டில் எழாமலே போகும்.

இதற்கு எளிய வழிகள் சில உண்டு. அன்றாட வேலைகளை ஒரே ஒழுங்கில் அமைத்துக்கொள்ள வேண்டும். மருந்து வேளை, கொடுக்கல் வாங்கல், பால் கணக்கு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு வேலைகளைச் சொல்லாமல் ஒன்று முடிந்தபின் மற்றொன்றைச் சொல்ல வேண்டும். கோபம் மூண்டபொழுது எதிர்வாதம் செய்யாது, சிறிது நேரம் அமைதியாக விட்டுவிட வேண்டும். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வில் பற்றற்றுப் பேசினாலோ மருத்துவரிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். 14416 என்னும் தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

மற்றொன்றும் கூற வேண்டும். நினைவும் நிதானமும் தேறாத முதல் சில மாதங்களில் நிலக்கிரயம், அடமானம், பெருங்கடன் ஆகியவற்றில் நோயாளியிடம் கையொப்பம் பெறுவதை இயன்றவரை ஒத்தி வைப்பது நியாயம். அதே சமயத்தில், "இனி உனக்கு எதுவும் தெரியாது" என்று குடும்பப் பொறுப்புகளிலிருந்து அவரை அகற்றி வைப்பதும் அநியாயமாகும். எந்த வயலில் என்ன விதைப்பது, விதைநெல் எங்கே வாங்குவது என்பன போன்றவற்றில் அவர் யோசனையைக் கேட்பது, மதிப்பை மட்டுமன்றி மனத்தின் வலிமையையும் அவருக்குத் திரும்பத் தரும்.

வயலுக்குத் திரும்புங்கால்

உட்காதிலேயே நமது உடலைச் சமநிலையில் நிறுத்தும் உறுப்பும் உள்ளது. அது சேதமுற்றவர்கள், கண்ணின் துணையாலும் காலடி உணர்ச்சியாலும் தடுமாற்றத்தை ஒருவாறு சமாளித்து நடப்பர். பகலில் நேராக நடப்பவர் இருட்டில் வரப்பின்மேல் விழுந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. நீரில் மூழ்கியவுடன் மேல் கீழ் தெரியாது போவதால், கிணற்றிலும் ஏரியிலும் இறங்கிக் குளிப்பது அவர்களுக்கு உயிராபத்தாகும். இரவில் தண்ணீர் கட்டப் போகவேண்டியிருப்பின் வேறொருவர் போக வேண்டும். அல்லது விளக்குடனும் துணையுடனும் போக வேண்டும்.

வலிப்பு வந்தவர்கள், மருத்துவர் அனுமதி தரும் வரையில், மரமேறுதல், உழவு இயந்திரம் ஓட்டுதல், இருசக்கர வாகனம் செலுத்துதல், கதிரடிக்கும் பொறியருகில் நிற்றல் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். மோட்டார் அறையில் தனியே வேலை செய்தலும் கூடாது. கைநடுக்கமும் மறதியும் உள்ளவரிடம் பூச்சிமருந்து கலக்கும் வேலையை ஒப்படைக்கலாகாது. மது வலிப்பைத் தூண்டக்கூடியதாதலின் அதனைத் தொடலாகாது. முதலில் களத்துமேட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை, பின்னர் அரைநாள் வேலை, அதன்பின் முழுநாள் வேலை என்று படிப்படியாகச் செல்வதே சிறந்தது.

அபாயக் குறிகள்

வலிப்பு கண்டால் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்ற வேண்டும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுவதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. வலிப்பு ஐந்து நிமிடத்தைக் கடந்தாலும், ஒன்று நிற்குமுன் மற்றொன்று தொடர்ந்தாலும் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். வலிப்புக்குரிய மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது.

மீண்டும் காய்ச்சல், கழுத்து வளையாமை, நாளுக்கு நாள் மிகும் தலைவலி, இடைவிடாத வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், பார்வை மங்கல் ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டுமாயின் அது சாதாரண சளி என்று இருந்துவிடலாகாது. மூளையைச் சூழ்ந்துள்ள நீரே கசிந்து, நோய் மறுபடியும் வருவதற்கு வழி திறந்திருக்கக்கூடும். காதில் சீழ் வடிவோர் எண்ணெயும் இலைச்சாறும் ஊற்றுவதை விடுத்து, காது மருத்துவரிடம் முறையாகச் சிகிச்சை பெறுவதும் இந்நோயைத் தடுக்கும் ஒரு வழியாகும்.

பள்ளிக் குழந்தைகள்

நோயிலிருந்து மீண்ட குழந்தை, விட்டிருந்த பழக்கங்களுக்குத் திரும்பிப் படுக்கையை நனைக்கலாம், தாயை விட்டுப் பிரியாது அழலாம், அடம் பிடிக்கலாம். இதற்காக அடிப்பது கொடுமையாகும். பள்ளிக்குத் திரும்பும்பொழுது, முதலில் சில மணி நேரம் மட்டும் அனுப்பலாம். நேர்ந்த நோயைப் பற்றித் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, முன்வரிசையில் இடம் கேட்டுப் பெற வேண்டும். கணக்கிலும் வாசிப்பிலும் உண்டாகும் தளர்ச்சி, சில குழந்தைகளிடம் ஓரிரு ஆண்டுகள் சென்ற பின்னரே வெளிப்படுகிறது. அப்பொழுது, "மந்தபுத்தி" என்று முத்திரை குத்தாமல், பழைய நோயைப் பற்றி மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் இயங்கும், குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டு மையத்தை இதற்கு அணுகலாம்.

துணையிருப்போரின் நலன்

நோயாளியைக் கவனிக்கும் சுமை பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோளிலேயே விழுகிறது. மருத்துவமனை வராந்தாவில் பல இரவுகள் விழித்திருந்த அவள், வீடு வந்தபின் மாடு, அடுப்பு, வயல், குழந்தைகள், நோயாளி ஆகிய ஐந்தையும் ஒருத்தியாகவே பார்க்கிறாள். அவள் விழுந்துவிட்டால் அக்குடும்பமே விழுந்துவிடும். ஆகவே உறவினர்கள் முறை வைத்துக்கொண்டு, வாரத்தில் ஓரிரு நாளேனும் அவள் உறங்கி ஓய்வெடுக்க வழி செய்ய வேண்டும். "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பதைவிட, "நாளை பாலை நான் சொசைட்டியில் ஊற்றிவிடுகிறேன்" என்பதே மெய்யான உதவி. இயன்முறை மருத்துவமும் வீட்டுப் பராமரிப்பும் தேவைப்படுவோர்க்கு, 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டு வாயிலிலேயே சேவை அளித்து வந்துள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து அப்பயனைக் கேட்டறியலாம்.

பஞ்சாயத்தின் கடமை

குடும்பம் மட்டும் தாங்கக்கூடிய சுமையன்று இது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்வந்து செய்யக்கூடியவை பல உள்ளன.

1. நோயாளி வீடு திரும்பிய வாரத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவித்து, செவிச் சோதனை நடைபெற்றதா என்பதை விசாரித்தல். நடைபெறவில்லையாயின், சென்றுவர வாகன வசதி செய்து கொடுத்தல்.

2. மருத்துவமனை கொடுத்த விடுவிப்புச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் செய்தல். மேற்சிகிச்சைக்கும் உதவிகள் பெறுவதற்கும் அதுவே ஆதாரம்.

3. குறை நிலைத்துவிட்டவர்களுக்கு, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற உதவுதல். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறையுடையோர் என்று சான்றளிக்கப்பட்டவர்க்கே பல சலுகைகள் உரியனவாதலால், மருத்துவக் குழுவின் மதிப்பீட்டுக்கு அவர்களை அழைத்துச் செல்வது அவசியம்.

4. நடவும் அறுவடையும் தவறாதபடி அயலார் கைகொடுக்க ஏற்பாடு செய்தல். ஒரு பருவம் தரிசாகக் கிடந்தால், நோயின் செலவோடு விளைச்சல் நட்டமும் சேர்ந்து குடும்பம் கடனில் மூழ்கும்.

5. தடுப்பூசி விடுபட்ட குழந்தைகளைக் கண்டறிதல். ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு டிசம்பரிலும், நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021-ஆம் ஆண்டு ஜூலையிலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. முன்னது குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களிலும், பின்னது 6, 14 வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும் இலவசமாகப் போடப்படுகிறது. ஒருமுறை நோய் வந்து தேறிய குழந்தைக்கும் இவற்றை முடித்தாக வேண்டும். ஒரு வகைக் கிருமியால் வந்த நோய் மற்ற வகைகளுக்குக் காப்பாகாது.

கிராமசபைக் கூட்டங்களில் சாலையும் குடிநீரும் பேசப்படுவது போலவே இவையும் பேசப்பட வேண்டும். பாலம் கட்டுவதற்கு மதிப்பீடும் நிதியும் தேவை. காது கேளாத குழந்தையை உரிய வாரத்தில் சோதனைக்கு அனுப்புவதற்கோ, களைத்தவரைச் சோம்பேறி என்னாதிருப்பதற்கோ நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. விவரமறிந்த ஒருவர் அவ்வூரில் இருந்தால் போதும். இக்கட்டுரையைப் படிக்கும் பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் அவ்வொருவராக விளங்கி, தமது ஊரில் இந்நோயினின்று மீண்டவர் யார் யார் என்பதை இம்மாதமே விசாரித்தறிவாராயின், அது சிறந்த கிராமத் தொண்டாகும்.